வசனம் இல்லாத இடம்

திரையில் ஏட்டு வாயைத் திறப்பதற்கு முன்பே பொன்னுத்தாய் வசனத்தைச் சொல்லிவிட்டாள்.

முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். மகள் யாழினி அவள் முழங்கையை லேசாகத் தட்டினாள்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தியேட்டர். மதியக் காட்சி. படம் ‘ஓடுங்க ஏட்டையா’. தொண்ணூறுகளின் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிவியில் வந்து ஊரையே சிரிக்க வைத்த தொடர் அது. இரண்டு ஏட்டுகள், ஒரு திருடன், வாரம் ஒரு துரத்தல். இப்போது புது நடிகர்களை வைத்துச் சினிமாவாக எடுத்திருந்தார்கள்.

உறையூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த இத்தனை வருடத்தில் அம்மா தானாகக் கேட்டு வந்த முதல் படம் இதுதான்.

யாழினிக்குப் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஹெலிகாப்டர் வந்தது. வில்லனுக்குத் துபாயில் மாளிகை. பழைய தொடரின் துண்டுகள் இரண்டு மூன்றை யூடியூபில் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு ஓட்டை சைக்கிள்தான் உண்டு.

அம்மா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வசனமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் எந்தக் குரல் எந்த ஆளுடையது என்றுதான் தெரியவில்லை.

“அந்தக் கனத்த குரல்காரர் ஒல்லியாவா இருப்பாரு?” என்று இடைவேளையில் கேட்டாள்.

“பழசுலயும் அப்படித்தாம்மா. ஒல்லி ஏட்டுக்குத்தான் இடிக்குரல். நீ பார்த்ததில்லையா?”

அம்மா வெறுந்திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கடைசி வாரத்துல ஒரு இடம் வரும், வசனமே இருக்காது” என்றாள். “ஓடுற சத்தம் கேக்கும். டக்குன்னு நிக்கும். அப்புறம் க்ளிக்குனு ஒரு சத்தம். மறுபடி ஓடுவாங்க. அங்க என்ன நடந்துச்சுன்னு தெரியணும். இதுல வச்சிருக்காங்களோ என்னவோ.”

இருபத்தெட்டு வருடமாக ஒருத்தி இதையா யோசித்துக்கொண்டிருப்பாள்? யாழினி அந்தக் கடைசி வாரத்தைச் செல்போனில் தேடினாள். எங்கும் இல்லை.

இரண்டாம் பாதியில் அவளும் காத்திருக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு துரத்தலிலும் திரையை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இது இல்லை. இதுவும் இல்லை.

படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது திருடன் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் ஓடினான். பின்னாலேயே இரண்டு ஏட்டுகளும். மேடையில் பொண்ணு மாப்பிள்ளை, சுற்றிலும் சொந்தக்காரர்கள். போட்டோக்காரர் கையை உயர்த்தினார்.

காலடிச் சத்தம் நின்றது.

திருடன் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டான். ஏட்டுகள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெண்ணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். எல்லோரும் பல்லைக் காட்டினார்கள்.

க்ளிக்.

மூவரும் மறுபடி ஓடினார்கள். தியேட்டரே அதிர்ந்தது.

“போட்டோவா?” என்றாள் அம்மா மெதுவாக. “நான் விலங்கு மாட்டுற சத்தம்னுல்ல நெனச்சேன்.”

அதற்குப் பிறகுதான் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். திரையில் வில்லன் பிடிபட்டதைக்கூட அவள் பார்க்கவில்லை.

விளக்குகள் எரிந்தன. யாழினி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

“நீ கேட்டுக்கிட்டு இருந்தது யார் வீட்டு டிவிம்மா?”

“வீடு இல்ல.” அம்மா எழவில்லை. “ஜெயிலு. வார்டரம்மா ரூம்ல டிவி இருந்துச்சு. சுவத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்குச் சத்தம் மட்டும்தான்.”

யாழினி முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒன்றரை வருஷம். அப்புறம் கேஸ் நிக்கலன்னு விட்டுட்டாங்க. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல, அப்படியே போயிடுச்சு.”

வரிசைகள் காலியாகிவிட்டன. பின்னால் ஒருவர் பெருக்கத் தொடங்கியிருந்தார். கேட்க எத்தனையோ இருந்தது. யாழினி மறுபடி உட்கார்ந்தாள்.

“நான் அப்ப எங்கம்மா இருந்தேன்?”

“என் மடியிலதான். பதினோரு மாசம் உனக்கு.” அம்மா அவள் பக்கம் திரும்பினாள். “அந்த இடம் வந்தப்ப வார்டரம்மா உள்ள விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதைக் கேட்டுட்டு நீ கெக்கெக்கேன்னு சிரிச்சே. எதுக்குன்னே தெரியாம, உன்னைப் பார்த்து நாங்க அத்தனை பேரும் சிரிச்சோம்.”