பெயர் மாற்றிய ரத்தம்

ரிப்போர்ட்டைப் படித்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கியதும் அண்ணாச்சிக்கு உள்ளே கொண்டாட்டமாக இருந்தது.

மாட்டிக்கொண்டாள்.

முகத்தில் காட்டவில்லை. விருதுநகரில் நாற்பது வருஷம் மிளகாய் வத்தல் மண்டி நடத்துகிறவர். சரக்கு பிடித்துப்போனால் கொட்டாவி விடுவார். இப்போதும் விட்டார்.

டாக்டரம்மா விளக்கினாள். வழக்கமாகப் பார்க்கிற கிரியாட்டினின் நன்றாகத்தான் இருக்கிறதாம். ஆனால் அது கிட்னி பாதி கெட்ட பிறகுதான் வாயைத் திறக்குமாம். இது புதுப் பரிசோதனையாம். சர்க்கரைக்காரர்களின் ரத்தத்தில் இரண்டு மூன்று புரதங்களை அளந்து, வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுமாம்.

"அஞ்சு வருஷத்துக்குள்ள கிட்னி மோசமாக வாய்ப்பு அதிகம், அண்ணாச்சி."

பக்கத்து நாற்காலியில் செல்வக்கனி சுவரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் மனைவி. அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஆறு வருஷமாகச் சுவரிடம்தான் சொல்கிறாள். சுவர் குறுக்கே பேசாது.

ரிப்போர்ட் மோசமாக வந்தால் மண்டியை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு அவர் வீட்டில் உட்கார வேண்டும். மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டிவைத்து அவரை ஒப்புக்கொள்ள வைத்தவள் அவள்தான்.

அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மண்டி இல்லாத ஒரு நாள் எப்படி விடியும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு செல்வக்கனி, நாலு சுவர்.

புதுத் தராசு வந்தால் வியாபாரி என்ன செய்வான்? எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்பான்.

அதைத்தான் செய்தார்.

சில நாளைக்கு முன் லேபிலிருந்து வீட்டுக்கு வந்த பெண் இருவருக்கும் ரத்தம் எடுத்தாள். கணவனுக்கு எடுத்தால் மனைவிக்கும் அதே பரிசோதனைகள் இலவசம் என்று சொல்லியிருந்தார்கள். இலவசத்தை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத வீடு. குப்பிகளையும் பெயர் எழுதிய சீட்டுகளையும் மேசையில் வைத்துவிட்டு அந்தப் பெண் கை கழுவப் போனாள். செல்வக்கனி துண்டு எடுத்துக் கொடுக்கப் போனாள்.

மூட்டைகளில் மார்க்கு மாற்றிப் பழகிய விரல்கள் அவருக்கு. அவர்கள் திரும்புவதற்குள் வேலை முடிந்தது. சிரமம் வேண்டாமென்று நானே ஒட்டிவிட்டேன் என்றார். அந்தப் பெண் நன்றி வேறு சொன்னாள்.

அவர் பெயரில் செல்வக்கனியின் ரத்தம். செல்வக்கனி பெயரில் அவர் ரத்தம்.

செல்வக்கனிக்குச் சர்க்கரை கிடையாது. ஒரு தலைவலி கிடையாது. கோபம் ஒன்றுதான். அந்த ரத்தத்தைப் பார்த்தே கிட்னி போகும் என்று எழுதுகிறவர்கள் எப்பேர்ப்பட்ட களவாணிகள்?

தொண்டையைச் செருமினார். லேபையும் டாக்டரம்மாவையும், அவர்களை நம்புகிற செல்வக்கனியையும் ஒரே வார்த்தையில் கவிழ்த்துவிடலாம்.

"இருங்க, அம்மாவோடதையும் சொல்லிடுறேன்." டாக்டரம்மா அடுத்த தாளை எடுத்தாள். "அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கே. மூணு மாசச் சராசரி ஏழு புள்ளி நாலு. ஆனா பயப்பட வேண்டாம். கிட்னிக்கு இப்போதைக்கு ஆபத்து இல்ல."

ஏழு புள்ளி நாலு.

போன மாதம் வேறொரு லேபில் அவருக்கு வந்ததும் அதே எண்.



தராசு சரியாகத்தான் நிறுத்திருக்கிறது.

தம் பெயர் போட்ட தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினார். மூன்று மாதச் சராசரி பத்து புள்ளி ஒன்று.

செல்வக்கனிக்குச் சர்க்கரை கிடையாது என்று யார் சொன்னது?

யோசித்தார். யாரும் சொல்லவில்லை. அவருக்குச் சர்க்கரை வந்த இந்த இருபது வருஷத்தில் அவளுக்கு யாரும் ரத்தம் எடுத்ததேயில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த போதெல்லாம் அவருக்குத் துணையாகத்தான் வந்திருக்கிறாள்.

சொல்லிவிட்டார். சீட்டை மாற்றியதை, முதலில் டாக்டரம்மாவிடம். பிறகு செல்வக்கனி பக்கம் திரும்பி, இன்னும் ஒரு தடவை.

டாக்டரம்மா பேனாவை மூடினாள். இந்த இரண்டு தாளையும் வைத்து ஒரு மாத்திரைகூட எழுத முடியாது, இருவரும் இங்கேயே மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும் என்றாள். அண்ணாச்சி என்கிற வார்த்தை அதில் இல்லை.

செல்வக்கனி எழுந்தாள். சுவரிடம் சொன்னாள்.

"மண்டியை விட மனசில்ல. அதுக்கு என்னையச் சீக்காளி ஆக்குறாக. இந்தப் புளுகுக்கு நான் கைய வேற நீட்டணுமாக்கும்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஈர வத்தலைக் காய்ந்த வத்தல் என்று அவர் சத்தியம் செய்ததை அவள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். ஒருமுறை அவள் தலையில் அடித்தே செய்திருக்கிறார்.

அதட்டிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். கிட்னி போனால் என்ன ஆகும் என்று டாக்டரம்மாவையே சொல்லச் சொன்னார். ரெண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்று செல்வக்கனி முணுமுணுத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக் கதவைத் திறந்தாள்.

அவர் செல்போனை எடுத்தார்.

"மாப்ள, நாளைலருந்து மண்டியை நீங்க பாருங்க. ரிப்போர்ட் எப்படி வந்தாலும் சரி. நான் இனி வரல."

மறுமுனையில் மாப்பிள்ளை பதறுவது அறை முழுக்கக் கேட்டது. அவர் போனை வைத்துவிட்டார்.

செல்வக்கனி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

அவர் முகத்தையே பார்த்தாள். அதில் கொட்டாவி இல்லை.

வெளியே யாரோ உள்ளே வரலாமா என்று கேட்டார்கள். டாக்டரம்மா கையைக் காட்டி இருக்கச் சொன்னாள்.

செல்வக்கனி திரும்பி வந்து உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

இடது பக்க ரவிக்கைக் கையை மெல்ல மேலே ஏற்றிவிட்டாள்.