மூக்கு யார் பக்கம்?

"ஓடி வாங்க சார், மூக்குல மாட்டிக்கிட்டு நிக்குது!"

லேப் டெக்னீஷியன் ரெஹானாவின் பின்னால் மகிழ்நன் பாய்ந்து ஓடினான்.

திரையில், விந்தாகப் போகும் அவனுடைய உயிரணுச் செல். உள்ளே அவன் அப்பா தந்த மரபணு இழையும் அம்மா தந்த இழையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு எந்தத் துண்டு யார் பக்கத்திலிருந்து போக வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் தனித்தனி அறையிலிருந்து சொல்ல, புரதங்கள் அதன்படி இழைகளை வெட்டி மாற்றிக்கொண்டே வந்தன. உயரம், நிறம், தலைமுடி எல்லாவற்றுக்கும் ஒரே பதில். மூக்கில்தான் எதிரும் புதிருமாக நின்றார்கள்.

"யாராவது சீக்கிரம் இறங்கி வரணும் சார். இல்லேன்னா செல் செத்துடும். உங்களுக்கு இருக்கிறதே இது ஒண்ணுதான்!"

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் மூக்குச் சண்டைதான். அம்மாவுக்குக் கிளிமூக்கு. அப்பாவுக்குக் குடைமிளகாய்.

அம்மாவின் அறைக் கதவைத் தட்டினான். "அம்மா, விட்டுக்கொடேன்!"

"மாட்டேன். உங்கப்பாவைக் கேளு."

அப்பாவிடம் ஓடினான். "அப்பா, என் குழந்தைப்பா!"

அப்பா பெருமூச்சு விட்டார். "சரி, அவ சொன்னதையே போடச் சொல்லு. பாவம் குழந்தை!"

புரதங்கள் நகர்ந்தன. செல் பிழைத்தது. ரெஹானா கை தட்டினாள்.

மகிழ்நன் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் போனான். "நீ ஜெயிச்சிட்டேம்மா. கிளிமூக்குதான்!"

"யாருடா சொன்னது?" அம்மாவின் முகம் வெட்கத்தில் சிவந்தது. "நான் கேட்டது அவரோட குடைமிளகாயை."