ஏழாவது இறக்கை

அந்தப் புளியமரத்தில் ஒரு பொந்துக்கு ஒரு சோடிதான் என்பது சட்டம். அதை மாற்ற வேண்டுமானால், ஒரு மழைக்காலம் முழுவதும் அங்கேயே தங்கியவர்கள் கூடி இறக்கை தூக்க வேண்டும்.

தாங்கள் இருந்த மரம் வெட்டப்பட்டதால் வீடிழந்த மைனாக்களைச் சொக்கி என்ற மைனாதான் திரட்டியது. “எல்லாரும் சேர்ந்து போவோம். கிளையில உட்கார்ந்து நனைவோம். மழை முடிஞ்சதும் பொந்துக்கு ரெண்டு சோடின்னு மாத்திடலாம்” என்றது.

பன்னிரண்டு மைனாக்கள் போயின. பொந்துகளில் இருந்த கிளிகள், “என்ன, குடும்பத்தோட குளிக்க வந்தீங்களா?” என்று கேலி செய்தன. குளிர் தாங்காமல் ஐந்து மைனாக்கள் பாதியிலேயே பறந்துவிட்டன. இடையில் ஒரு பொந்து காலியானது. முதலில் வந்த சொக்கிக்குத்தான் அது சேர வேண்டும். சொக்கியோ, நடுங்கிக்கொண்டிருந்த மருதி என்ற மைனாவை அதற்குள் அனுப்பிவைத்தது.

கடைசி மழை தூறிக்கொண்டிருந்த நாளில் கூட்டம் கூடியது. கிளிகள் ஆறு, மைனாக்கள் ஏழு. ஓர் இறக்கை குறைந்தாலும் பழைய சட்டமே நிற்கும். சொக்கிக்கோ இன்னும் இரண்டு நாளில் முட்டையிட ஓர் இடம் வேண்டும்.

ஆறு மைனாக்கள் இறக்கை தூக்கின. சொக்கி திரும்பிப் பார்த்தது.

“தூக்கு மருதி!”

பொந்து வாசலில் உட்கார்ந்திருந்த மருதி தலையைக் குனிந்துகொண்டது.

“இறக்கை நனைஞ்சு கனக்குதுக்கா. தூக்க முடியல.”

அந்த இறக்கையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.