கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஆஸ்பத்திரி வாசற்படியில் தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தார், கடலுக்கடியில் முக்குளிக்கக் கற்றுத்தரும் அந்த இளம் ஸ்கூபா பயிற்சியாளர். செருப்பில்லை. ஈர உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"குடிச்சிருக்கியா?" என்றாள் அம்மா. அவளுடைய ஒரே மகன் ஸ்ட்ரெச்சரில் ஆக்சிஜன் முகமூடியோடு கிடந்தான்.

"இல்லீங்கம்மா. ரெண்டு மணி நேரம் வேன்ல முடங்கி உட்கார்ந்து வந்தேன்." பெஞ்சில் சரிந்தார்.

டாக்டர் மகனின் உள்ளங்காலைப் பேனாவால் கீறினார். "தெரியுதா?"

"கூசுது டாக்டர். தோள்தான் உயிர் போகுது."

"வலிக்கட்டும், நல்லதுதான்." டாக்டர் அம்மாவிடம் திரும்பினார். "ஆழத்துலேருந்து அவசரமா மேல வந்தா, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தத்துல குமிழி கட்டும். அழுத்த அறையில வெச்சா கரைஞ்சிடும். கால் மரத்துப்போயிருந்தாதான் பயம். குமிழி தண்டுவடத்தைத் தாக்கிடுச்சுன்னு அர்த்தம். தாமதிச்சா அப்புறம் நடக்கவே முடியாது."

ஸ்ட்ரெச்சர் அழுத்த அறைக்குள் போனது. கனத்த கதவு மூடிக்கொண்டது. அதிலிருந்த வட்டக் கண்ணாடியையே பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அவர் முன்னால் வந்து நின்றாள். "என் பிள்ளை பயந்து மேல பாய்ஞ்சப்போ, நீ அங்க மீன் எண்ணிக்கிட்டிருந்தியா?"

"இழுத்து நிறுத்தப் பார்த்தேம்மா. முடியலை. ஆனா மேல வர்ற வரைக்கும் அவன் கையை விடலை."

"ஆமா, விடாமப் பிடிச்சு இங்க கொண்டுவந்து போட்டுட்டே. நல்ல வாத்தியார்."

அவருடைய தோள்கள் வெடவெடவென்று நடுங்குவதை அப்போதுதான் அவள் கவனித்தாள். கோபம் வேறு, குளிரில் நடுங்குகிற பிள்ளை வேறு. 'கடவுளே, இவனையும் ஒருத்தி பெத்திருக்காளே' என்று முணுமுணுத்தபடி போய், ஆவி பறக்கும் தேநீர் வாங்கி வந்தாள்.

"குடி. உங்கம்மா பார்த்தா என்னைத்தான் திட்டுவா."

வாங்கிய கை நடுங்கியதில் பாதித் தேநீர் சிந்திவிட்டது. அவள் சட்டென்று குனிந்து, மகனுடைய துண்டால் அவர் பாதத்தை ஒற்றினாள்.

அவர் கண் கண்ணாடியைவிட்டு நகரவில்லை. "அவன் கண்ணைத் திறந்துட்டாம்மா. இங்கதான் பார்க்கிறான்."

"இருப்பா, நீ அசையாதே. கால்ல கொதிக்கக் கொதிக்கக் கொட்டியிருக்கு. தோல் வெந்து போச்சே, எரியலையா?"

"எந்தக் கால்லம்மா?"