படகில் நாலு பேர்

"இந்தப் படகுதான்னு ஒரு கையெழுத்து போடு எபி. நான் கிளம்பிடறேன்."

வில்பிரட் டேப்லெட்டை டீப்பாய் மேல் எபியின் பக்கமாகத் திருப்பி வைத்தார். கப்பல் கம்பெனியின் சென்னை ஆபீசில் அவர் பெரிய ஆள். எபிக்கு எண்ணெய்க் கப்பலில் வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் ஒரே சர்ச். அதனால்தான் கம்பெனி வேறு யாரையும் அனுப்பாமல் அவரைச் செம்பாக்கத்தில் எபியின் வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

ஜெனி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வளைகுடாவில் அவனுடைய கப்பலை யாரோ குண்டு வைத்துத் தாக்கிய செய்தி வந்த அன்று, பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமிலேயே மயங்கி விழுந்தவள் அவள். மறுநாள் அவன் போன் செய்து, எல்லோரும் லைஃப்போட்டில் ஏறித் தப்பித்துவிட்டோம், கால்கூட நனையவில்லை என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. கேப்டன் எழுதிய ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் இருந்தது.

டேப்லெட்டில் ஓடியது ட்ரோன் எடுத்த வீடியோ. இன்னும் எந்த டீவியிலும் வரவில்லை. மங்கல், கறுப்பு வெள்ளை. புகை கக்கும் கப்பலை ஒட்டி ஒரு சின்னப் படகு. படகில் நாலு பேர். ஒருவன் மட்டும் விளிம்பில் குப்புறக் கவிழ்ந்து, கப்பல் பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது காந்தக் குண்டைக் கப்பல்ல ஒட்டறான் பாரு" என்றார் வில்பிரட். "அதுக்குள்ள யாரோ வர்றதைப் பாத்துட்டு ஓடியிருக்கானுங்க."

நாலு பேரையும் பிடித்தாயிற்றாம். மீன் பிடிக்க வந்தோம் என்று சாதிக்கிறார்களாம். கப்பலில் இருந்த மற்ற எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் குண்டு வெடித்த நேரத்தில் அந்தப் பக்கம் டெக்கில் டியூட்டியில் இருந்தது எபி ஒருவன்தான். அவன் வார்த்தை இருந்தால்தான் கோர்ட்டில் கேஸ் நிற்கும். நின்றால் அந்த ஊர்ச் சட்டப்படி நாலு பேருக்கும் தூக்கு. வில்பிரட் இதையெல்லாம் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

எபி வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டான். முடிந்ததும் மறுபடி ஓடவிட்டான்.

"மத்தவங்க இந்தப் படகைப் பாத்தாங்களாண்ணா?"

"பாத்தாங்களே. இதே வீடியோலதான்."

"கடல்ல?"

வில்பிரட் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து வைத்தார்.

"நான் போட மாட்டேன்" என்றான் எபி.

ஜெனி அவன் முழங்கையைப் பிடித்தாள். யார் எந்தக் கப்பலை எதற்காக அடித்தார்கள் என்று பெரிய பெரிய நாடுகளே ஒன்றை ஒன்று கை காட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் இவனுக்கு ஏன் இந்த வீம்பு? போட்டுக் கொடுத்துவிடுங்களேன் என்று அவன் காதோரம் கெஞ்சினாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, பின் வேண்டாம் என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

வில்பிரட்டின் குரல் மாறியது. கையெழுத்துப் போடாவிட்டால் இனி எந்தக் கம்பெனிக் கப்பலிலும் கால் வைக்க முடியாது என்றார். அது மட்டுமில்லை. அந்தப் பக்கம் காவலுக்கு நின்றவன் படகு வந்ததைக் கவனிக்காமல் தூங்கிவிட்டான் என்று எழுத வேண்டி வரும் என்றார். "பழி யார் மேலயாவது விழுந்துதான் ஆகணும் எபி. அவனுங்க மேல விழலன்னா உன் மேல விழும்."

அந்த ஒரு வார்த்தையில் ஜெனிக்குள் இருந்த பயம் அத்தனையும் கோபமாகத் திரும்பியது. இவ்வளவு நாள் அண்ணா அண்ணா என்று மரியாதையாகப் பேசிய மனிதரை அவள் நேராகப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கும் யாருன்னு தெரியாது. யாராவது ஒருத்தன் வேணும், அவ்வளவுதானே?"

"ஜெனி, இது உனக்குப் புரியாத விஷயம்மா."

"நல்லாப் புரியுதுண்ணா. இவர் எதையும் பாக்கல. எல்லாரோடயும் லைஃப்போட்ல ஏறி வந்துட்டார். பாக்காததைப் பாத்தேன்னு எழுதிக் குடுத்து நாலு பேரைக் கொல்லச் சொல்றீங்க. வேலை போனா போகட்டும். என் சம்பளத்துல கஞ்சி குடிச்சுக்கறோம். தூங்கிட்டான்னு எழுதணுமா, தாராளமா எழுதிக்குங்க."

டேப்லெட்டை எடுத்து மூடி அவரிடம் நீட்டினாள்.

எபி எழுந்து வந்து டேப்லெட்டை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினான்.

"பாத்தேன் ஜெனி" என்றான். "நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல. லைஃப்போட்ல ஏறறதுக்கு முன்னாடி, ரொம்பக் கிட்டக்கவே பாத்தேன்."

வில்பிரட்டின் முகம் மலர்ந்தது. பேனாவை நீட்டினார். எபி அதை வாங்கவில்லை. வீடியோவை நிறுத்தி, படகு விளிம்பில் கவிழ்ந்திருந்தவனை இரண்டு விரலால் பெரிதாக்கி அவர் முன்னால் வைத்தான்.

"குண்டு வெச்சது யாருன்னு எனக்குத் தெரியாதுண்ணா. இவங்க இல்லன்னு தெரியும், வெடிச்சப்புறம்தான் வந்தாங்க. எந்த ஊர் கோர்ட்டா இருந்தாலும் நானே வந்து சொல்றேன், அதை எழுதிக்குங்க. இவன் கை கப்பல் மேல இல்ல. வெடிச்ச வேகத்துல கடல்ல விழுந்து, கப்பலுக்கும் படகுக்கும் நடுவுல தண்ணியில முங்கிட்டிருந்த என் காலரைப் பிடிச்சிருக்கு."