அரை இன்ச்

"கழுத்து அரை இன்ச் கூடியிருக்கு, சார்" என்றார் தையல்காரர், பழைய அளவு நோட்டைப் பார்த்தபடி. "ஆனா இடுப்பு மூணு இன்ச் குறைஞ்சிருக்கே!"

"வேலை அப்படி. நல்லாத்தான் சாப்பிடுறேன், உடம்புல ஒட்டல" என்றார் வாடிக்கையாளர்.

நீட்டிய கை லேசாக நடுங்கியது. மார்பளவு எடுத்த தையல்காரரின் விரலுக்கு அடியில் இதயம் தடதடவென்று ஓடியது.

"சும்மா நிக்கும்போதே இப்படி அடிக்குதே?"

"டென்ஷன்."

"தைராய்டு பாத்துடுங்க சார். அது அதிகமா சுரந்தா இதயத்தை ஓயவிடாம விரட்டும்."

வாடிக்கையாளர் சிரித்தார். "ஊசி நூலை விட்டுட்டு வைத்தியத்துல இறங்கிட்டீங்களா?"

"என் சம்சாரத்துக்கும் இதேதான். ஜாக்கெட் கழுத்தை ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சேன். ஆளோ துரும்பா இளைச்சுட்டா. நெஞ்சு படபடக்குதுன்னு மூணு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெறும் பயம்னு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. நாலாவது தடவை போறதுக்குள்ள இதயம் நின்னுடுச்சு."

வாடிக்கையாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு தடவை போயும் ஒரு ரத்தப் பரிசோதனைகூடப் பண்ணலையா? எந்த மடையன் அவன்?"

தையல்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து மடித்து வைத்திருந்த மருந்துச் சீட்டை எடுத்து, அவர் முன்னால் பிரித்து வைத்தார். அடியில் இருந்த கையெழுத்தை விட்டு வாடிக்கையாளரின் கண் நகரவே இல்லை.

"காலரை அரை இன்ச் கூட்டியே தைச்சிடட்டுமா, டாக்டர்?"