நாற்பதாம் நம்பர் ரத்தம்

மறதி நோய்க்கான மரபணுவை ஆராயும் கூடத்தில், பேராசிரியர் ஒரு தாளை மேசைமேல் வீசினார்.

"நாற்பதாம் நம்பர் ரத்தத்துல அந்த மரபணு ரெண்டு காப்பி இருக்கு. இது நோய் இல்லாதவங்க வரிசை. ஞாபகச் சோதனை வெச்சுத்தானே ஆளைச் சேர்த்தீங்க?"

"வெளியாளுங்களுக்கு வெச்சோம் சார்," என்றாள் அவரிடம் இருபது வருடமாக வேலை செய்யும் உதவியாளர். "ஆள் பத்தாம நாமளும் ரத்தம் கொடுத்தோம். நமக்கெதுக்குச் சோதனைன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அப்போ நம்ம ஆளா? ஐயோ பாவம். ரெண்டு காப்பின்னா மறதி சீக்கிரமே ஆரம்பிச்சிடலாம். யாரு, நம்ம கணக்கரா? மூக்குக் கண்ணாடியை மூக்குலயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுவாரே!"

அவள் சிரிக்கவில்லை.

"நீங்கதான் சார்."

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆராய்ச்சின்னா ஒளிவுமறைவு கூடாதும்மா. இப்பவே எழுதி வெச்சிடறேன்."

குறிப்பேட்டைத் திறந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைய தேதிக்குக் கீழே, அவருடைய கையெழுத்திலேயே, அந்த வரி ஏற்கெனவே மூன்று முறை எழுதப்பட்டிருந்தது: 'நாற்பதாம் நம்பர் என் ரத்தம்.'